உப்பு முதலிலா, கடைசியிலா?

கிரேக்க நாட்டின் வெள்ளரித் தயிர் 'டிப்' செய்வதற்கு வேண்டிய சாமான்களில் கிட்டத்தட்ட எல்லாமே சித்தூரிலும் திருப்பதியிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு துண்டுத் துணியும் ஒரு ராத்திரிப் பொறுமையும்தான்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்குப் போகிற யாத்ரீகர், பஸ் நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் இலை முன் உட்கார்ந்து 'பச்சடி' கேட்டால், தயிரில் மிதக்கும் வெள்ளரிக்காய் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. புளிச்ச கீரையை எண்ணெயில் வதக்கி மிளகாயோடு அரைத்த கோங்குரா வரலாம். காது மடல் சிவந்த பிறகுதான் விஷயம் விளங்கும். தமிழில் பச்சடி என்றால் பெரும்பாலும் தயிர். தெலுங்கில் பச்சடி என்றால் துவையல். தயிரில் போட்டதுதான் வேண்டுமென்றால் 'பெருகு பச்சடி' என்று அடைமொழியோடு கேட்க வேண்டும்.

சித்தூரில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே இரண்டு மொழிகளும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே கூடத்தில் புழங்குகின்றன. 1911ல் வட ஆற்காட்டின் பகுதிகளையும் சேர்த்துத்தான் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 1960 ஏப்ரலில் எல்லைத் தகராறு தீர்ந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அடுப்பங்கரைகள் இந்தப் பங்கீட்டைச் சட்டை செய்யவில்லை. ஒரு வீட்டில் வெள்ளரிப் பச்சடிக்குத் தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்துக் கலப்பார்கள். பக்கத்து வீட்டில் அதே வெள்ளரிக்குக் கடுகை அரைத்து விடுவார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இப்போது மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கேட்கிற 'டிப்' அது. தயிர், வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய். கிரேக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ட்ஸாட்ஸிகி. உச்சரிப்பதைவிடச் செய்வது எளிது.

கேட்கிற அம்மாக்களின் முதல் கேள்வியும் நியாயமானதுதான்: இது நம் வெள்ளரிப் பச்சடிதானே? சாமான்களைப் பார்த்தால் ஆமாம். செய்கிற விதத்தைப் பார்த்தால் இல்லை. வித்தியாசம் உப்பில் இருக்கிறது. உப்பின் அளவில் அல்ல, உப்புப் போடும் நேரத்தில்.

தண்ணீர் என்கிற எதிராளி

வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். சாதாரண வீட்டுத் தயிரிலும் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். இரண்டையும் கலந்து உப்பைப் போட்டு வைத்தால் அரை மணி நேரத்தில் என்ன ஆகும் என்பது பந்திக்குச் சீக்கிரமே பச்சடி கலந்து வைத்து அவஸ்தைப்பட்ட யாருக்கும் தெரியும். உப்பு, காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. தயிர் நீர்த்து, இலையில் ஓடி, அப்பளத்தை நனைத்து, பக்கத்திலுள்ள பொரியலையும் சேர்த்துக் கெடுக்கிறது.

இதற்கு நம் சமையல்காரர்கள் கண்ட வழி, தண்ணீரைக் காய்க்குள்ளேயே பூட்டி வைப்பது. வெள்ளரியைத் துருவாமல் பொடிப்பொடியாக நறுக்குவார்கள். துருவினால் காயின் உடல் முழுக்கக் கிழியும். நறுக்கினால் வெட்டுப்பட்ட பக்கங்கள் மட்டும்தான் திறக்கும். தயிரைக் கடைந்து தனியே வைத்திருப்பார்கள். இலை போட்ட பிறகு, பரிமாறுகிற நேரத்தில்தான் இரண்டையும் சேர்த்து உப்பைப் போடுவார்கள். காய் கடிபடும்போது வாய்க்குள்தான் தண்ணீர் விட வேண்டும் என்பது கணக்கு.

கிரேக்கர்களின் வழி நேர் எதிர். வெள்ளரியைத் துருவி, முதலிலேயே உப்பைப் பிசிறி, விட வேண்டிய தண்ணீரையெல்லாம் விடச் சொல்லிப் பிழிந்து எறிந்துவிடுகிறார்கள். தயிரையும் முன்னதாகவே துணியில் கட்டி வடித்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் போன பிறகு கல்யாணம். ஆகவே அவர்களுடைய கலவை ரொட்டித் துண்டில் எடுத்தால் வழியாது. நம்முடையது சோற்றில் பிசைவதற்கு. கொஞ்சம் ஓடினால்தான் சாதம் இளகும். அவர்களுடையது தொட்டுக்கொள்வதற்கு, ஓடினால் சட்டை பாழ். எது உயர்வு என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. ஆனால் நம் முறையில் செய்துவிட்டு அவர்களுடைய ருசியை எதிர்பார்ப்பது நடக்காது. வீடுகளில் முதல் முயற்சி தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெயருக்கு ஒரு வழக்கு

பல்பொருள் அங்காடிகளின் குளிர்பெட்டியில் 'கிரீக் யோகர்ட்' என்று எழுதிய சின்னக் கிண்ணங்கள் அடுக்கியிருக்கின்றன. மும்பையைச் சேர்ந்த டிரம்ஸ் ஃபுட் நிறுவனம் எபிகாமியா என்ற பெயரில் 2015ல் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் இறங்கின. ஒரு சின்னக் கிண்ணத்துக்குக் கொடுக்கிற காசில் அரை லிட்டர் பால் வாங்கிவிடலாம்.

இந்தப் பெயருக்காக லண்டனில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஏதென்ஸில் 1926ல் ஒரு பால் கடையாகத் தொடங்கிய ஃபாயே நிறுவனம் ஒரு பக்கம். மறுபக்கம் அமெரிக்காவின் சோபானி. அதை 2005ல் தொடங்கிய ஹம்தி உலுகாயா துருக்கியில் பிறந்தவர். துருக்கியர் ஒருவர் அமெரிக்காவில் தயாரித்த தயிரை 'கிரேக்கத் தயிர்' என்று பிரிட்டனில் விற்கலாமா என்பது கேள்வி. கூடாது என்றது உயர் நீதிமன்றம், 2013ல். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014ல் அதையே சொன்னது. இந்தியக் கடைகளில் அந்தப் பெயர் தாராளமாகப் புழங்குகிறது.

உள்ளபடி பார்த்தால் இதில் கிரேக்கர்களின் தனிச் சொத்து என்று சொல்ல அதிகமில்லை. ட்ஸாட்ஸிகி என்ற பெயரே துருக்கியின் 'ஜாஜிக்' என்பதிலிருந்து போனது. 'யோகர்ட்' என்பதும் துருக்கிச் சொல்தான். ஈரானியர்கள் வெள்ளரித் தயிரில் வால்நட், உலர்ந்த திராட்சை, ரோஜா இதழ் வரை போடுகிறார்கள். பல்கேரியர்கள் தண்ணீர் சேர்த்து நீர்க்கவிட்டுக் குளிர்ந்த சூப்பாகவே குடிக்கிறார்கள். தயிரைத் துணியில் வடிப்பது மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் புதிதல்ல. ஸ்ரீகண்ட் செய்ய அவர்கள் கட்டித் தொங்கவிடும் தயிருக்குச் 'சக்கா' என்று பெயர். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே அதற்குத் தனி இலக்கணம் உண்டு. புனேயிலோ பரோடாவிலோ இருக்கும் தமிழர்கள் கிண்ணத்தைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. பால் கடையில் சக்கா கேட்டால் போதும்.

வெள்ளரியின் கதை இன்னும் சுவையானது. அதன் காட்டு மூதாதை இன்றும் இமயமலை அடிவாரத்தில், கசந்து வழியும் சின்னக் காயாகக் காய்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளரியைச் சாகுபடிக்குக் கொண்டுவந்த நாடு இந்தியா. பழைய கிரேக்கரும் ரோமரும் சாப்பிட்டதாக எழுதிவைத்த 'வெள்ளரி' உண்மையில் முலாம்பழ இனத்தைச் சேர்ந்த ஒரு நீளக் காய் என்றும், அசல் வெள்ளரி ஐரோப்பாவுக்குப் போனது இடைக்காலத்தில்தான் என்றும் அண்மைக்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கர்நாடகம், தமிழகம், ஆந்திரத்தில் ஒப்பந்த முறையில் விளையும் விரல் நீள கெர்கின் வெள்ளரி, வினிகரிலும் உப்பு நீரிலும் ஊறிக் கப்பலேறுகிறது. வெள்ளரியும் கெர்கினுமாக 2020-21ல் இந்தியா அனுப்பியது 2.23 லட்சம் டன்.

எந்தப் பால்?

பாலுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணை 2002ல் மூடப்பட்டு இருபது ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2023ல் அமுல் அங்கே அடிக்கல் நாட்டியது. 1992ல் தொடங்கிய ஹெரிடேஜ் நிறுவனத்துக்கும் ஆரம்பக் களம் இந்த மாவட்டம்தான். பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர் தந்த குட்டை மாடு இன்று நாடறிந்த பிரமுகர். முக்கால் மீட்டர் உயரமே இருக்கும் இந்த மாடுகளுக்குப் பிரதமர் மோடி 2024 சங்கராந்தியன்று தன் வீட்டில் தீவனம் கொடுத்த படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. பலமநேரில் இந்த இனத்தைக் காப்பதற்காகவே கால்நடை ஆராய்ச்சி நிலையம் பாடுபடுகிறது. அந்தப் பாலில் கொழுப்பு அதிகம் என்ற பெயர் உண்டு. ஆனால் ஒரு 'டிப்'புக்காகப் புங்கனூர்ப் பால் தேடி அலைவது, எலுமிச்சைச் சாதத்துக்குக் காஷ்மீர் குங்குமப்பூ தேடுவது போல.

தேட வேண்டியது எருமைப் பாலை. இதற்குக் காரணம் கிரேக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வடித்த தயிர் மரபாகச் செம்மறியாட்டுப் பாலில் செய்வது. செம்மறிப் பாலில் கொழுப்பு 6 முதல் 7 சதவீதம். புரதமும் பசும்பாலைவிட அதிகம். நம் ஊரில் அதற்கு மிக அருகில் வருவது எருமைப் பால். ஆனால் பழைய சித்தூர் மாவட்டத்தில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்களே அதிகம். கடலோர ஆந்திரம் போல எருமை ராஜ்யம் இல்லை. எருமைப் பால் கிடைக்காதவர்களுக்கு முழுக்கொழுப்புப் பாக்கெட் பால் கைகொடுக்கும். அதில் 6 சதவீதம் கொழுப்பும் 9 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் இருக்க வேண்டும் என்பது விதி. 3 சதவீதக் கொழுப்புள்ள டோண்டு பாலிலும் வடிக்கலாம்; மிஞ்சுவது குறைவு, நாக்கில் மாவு போல நிற்கும்.

பால் பொங்கியதும் இறக்கிவிடக் கூடாது. தணலைக் குறைத்துப் பத்து நிமிடமாவது கிளறிக்கொண்டு காய்ச்ச வேண்டும். நீண்ட நேரச் சூட்டில், பாலின் நீரோடு ஓடிவிடக்கூடிய புரதங்கள் உருமாறிக் கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. தயிர் இறுகி உறைவதற்கு அதுதான் காரணம். சுண்டுவிரலை விட்டால் பொறுக்கிற சூட்டுக்கு, அதாவது 40 டிகிரியை ஒட்டி, ஆறியதும் உறை ஊற்றலாம். உறை மோர் புளித்திருந்தால் 'டிப்'பும் புளிக்கும். திருப்பதியில் மே மாத வெயிலில் நாலைந்து மணி நேரத்தில் தயிர் தோய்ந்துவிடும். மேட்டு நிலமான பலமநேரிலும் மதனப்பள்ளியிலும் மார்கழி ராத்திரியில் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்த வேண்டியிருக்கும். தோய்ந்தவுடன் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். புளிப்பு அங்கேயே நிற்கும்.

ஒரு ராத்திரித் தவம்

அடுத்தது துணி. பழைய வேட்டியின் மெல்லிய பகுதி கடையில் விற்கும் எந்த வடிதுணிக்கும் குறைந்ததல்ல. சோப்பு வாசனை மட்டும் இருக்கக் கூடாது. தயிர் எந்த வாசனையையும் உடனே பிடித்துக்கொள்ளும். கொதிநீரில் ஒரு முறை அலசிப் பிழிந்து, வடிதட்டின் மேல் இரண்டாக மடித்து விரித்து, தயிரைக் கலக்காமல் கட்டி கட்டியாக எடுத்துப் போட வேண்டும். கடைந்து ஊற்றினால் தயிரும் சேர்ந்து துணியைத் தாண்டிவிடும்.

குழாயில் கட்டித் தொங்கவிடுவது பார்க்க நன்றாயிருக்கும். டிசம்பர் குளிரில் அது சரி. சித்தூர் வெயில் காலத்தில் சமையலறையில் தொங்கும் தயிர் விடிவதற்குள் நாக்கைக் கூசவைக்கும். துணி மூட்டையை வடிதட்டோடு ஒரு பாத்திரத்தின் மேல் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துப் பாரமேற்றி, குளிர்பெட்டிக்குள் விட்டுவிடுவதே உசிதம். மூன்று மணி நேரத்தில் பச்சடிக்கு ஏற்ற கெட்டித் தயிர் கிடைக்கும். எட்டு மணி நேரத்தில் 'டிப்'புக்கு ஏற்றது. ஒரு நாள் முழுக்க விட்டால் லெபனானியர்கள் உருண்டை பிடித்து எண்ணெயில் போட்டு வைக்கிற பதத்தை நெருங்கும். ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் ஒரு ராத்திரிக்குப் பின் மிஞ்சுவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

எடை பாதியாவதால் புரதம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம். நன்றாக வடித்ததில் 7, 8 கிராமைத் தொடும். கிண்ணத் தயிர் விற்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது இதைத்தான். அவர்கள் சொல்லாத இன்னொரு விஷயம், வடிகிற நீரோடு சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியும் போய்விடுகிறது என்பது. எல்லாக் கிண்ணங்களும் வடித்தவை என்ற நிச்சயமும் இல்லை. பால் பவுடரோ ஸ்டார்ச்சோ சேர்த்துக் கெட்டியாக்குவதும் உண்டு. வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. பாலும் உறையும் தவிர நீளப் பட்டியல் இருந்தால் திருப்பி வைத்துவிடலாம்.

காயைத் தேர்ந்தெடுப்பதில் சித்தூர், திருப்பதி சந்தைகளில் ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. தெலுங்கில் 'தோசகாய' என்றால் உருண்டையாக, மஞ்சளாக இருக்கும் காய். தோசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பப்பிலும் ஊறுகாயிலும் போடுகிறார்கள். தாவரவியல்படி அது முலாம்பழத்துக்குத்தான் நெருங்கிய உறவு. நமக்கு வேண்டிய பச்சை வெள்ளரிக்குக் 'கீர தோச' என்று கேட்க வேண்டும். பிஞ்சாக, விதை முற்றாததாகப் பார்த்து இரண்டு போதும். எடை 300 கிராம் இருக்கட்டும். மஞ்சள் தோசக்காயில் செய்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: அது கிரேக்கப் பண்டமாக இராது, ஆனால் சதை கெட்டி, தண்ணீர் விடுவது குறைவு, லேசான புளிப்பு எலுமிச்சையின் வேலையைச் செய்துவிடும். ஒரு தரம் செய்து பார்க்கத் தகுந்தது.

நுனியை வெட்டி நுரை வரத் தேய்க்கும் பழக்கம் தென்னாட்டுச் சமையலறைகள் எங்கும் உண்டு. கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் காம்புப் பக்கத்தில்தான் அதிகம் சேர்கிறது. ஆகவே தேய்ப்பதைவிடத் தாராளமாக வெட்டி எறிவதே பயன். கடும் வெயிலிலும் தண்ணீர் பற்றாக்குறையிலும் விளைந்த காய்க்குக் கசப்பு ஏறும். ஒரு துண்டு கடித்துப் பார்த்து, நன்றாகக் கசந்தால் மொத்தக் காயையும் குப்பையில் போட வேண்டும். உப்பும் தயிரும் அதைச் சரிக்கட்டாது, வயிற்றையும் கெடுக்கும்.

தோல் சீவி, நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, பெரிய கண் உள்ள துருவியில் துருவ வேண்டும். முக்கால் தேக்கரண்டி உப்பைப் பிசிறி அரை மணி நேரம் விட்டால் பாத்திரத்தின் அடியில் குளம் கட்டியிருக்கும். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, துணியில் வைத்து, தேங்காய்ப்பால் பிழிவது போல இரக்கமின்றிப் பிழிய வேண்டும். துருவல் உலர்ந்த கட்டியாகச் சுருங்கும். இவ்வளவுதானா என்று தோன்றினால் சரியாகப் பிழிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பூண்டு ஆகாத வீட்டில்

கிரேக்கர்கள் பச்சைப் பூண்டை நசுக்கிப் போடுகிறார்கள். அரைக் கிலோ தயிருக்கு இரண்டு பல். நம் மலைப்பூண்டு காரமானது. ஒரு பல்லே போதும். நசுக்கிய பிறகு காரம் ஏறிக்கொண்டே போகும் என்பதால் நாலு பல் போட்டவர்கள் மறுநாள் காலை வருந்துவார்கள்.

ஆனால் இது திருப்பதி. திருமலைக் கோவில் மடைப்பள்ளிக்குள் வெங்காயமும் பூண்டும் நுழைவதில்லை. அங்கே தயிருக்கு இருக்கும் மரியாதையோ தனி. குலசேகரன் படியைத் தாண்டி மூலவர் அருகே போகும் நிவேதனம், உடைந்த புது மண்சட்டியில் வைத்த தயிர்ச்சாதம் மட்டுமே என்பது மரபு. பேர் பெற்ற லட்டுகூடப் படிக்கு இந்தப் பக்கம்தான். கோவிலின் வழக்கத்தை வீட்டிலும் கடைப்பிடிக்கிற குடும்பங்கள் ஊரில் ஏராளம். அவர்கள் பூண்டுக்கு என்ன செய்வது?

விடை பக்கத்து வீட்டு அம்மியில் இருக்கிறது. கடுகு அரைத்துவிட்ட பெருகு பச்சடியில் வருகிற அந்த மூக்கில் ஏறும் சுருக்கென்ற காரம், பூண்டுக் காரத்துக்குச் சித்தப்பா பிள்ளை முறை. முழுப் பூண்டுக்கு நெடி இல்லை. நசுங்கும்போதுதான் அதற்குள் தனித்தனி அறைகளில் இருந்த இரண்டு பொருள்கள் சந்தித்துக் கந்தகம் கலந்த காரத்தை உண்டாக்குகின்றன. கடுகிலும் அதே ஏற்பாடு. முழுக் கடுகை வாயில் போட்டால் சும்மா இருக்கும். தண்ணீர் தெளித்து அரைத்தால் சில நிமிடங்களில் கண்ணில் நீர் வரும். சூடான எண்ணெயில் பொரிந்த கடுகுக்கு இந்தக் காரம் கிடையாது. அதை உண்டாக்கும் நொதி சூட்டில் செத்துவிடுகிறது. ஆகவே தாளித்துக் கொட்டுவது பூண்டுக்கு மாற்றாகாது. பச்சைக் கடுகு அரைத் தேக்கரண்டியைக் குளிர்ந்த நீர் தெளித்து அரைத்து, பத்து நிமிடம் விட்டுத் தயிரில் சேர்க்க வேண்டும். ரொம்ப நேரம் மையாக அரைத்தால் கசப்புத் தட்டும். பூண்டு ஆகிறவர்களும் ஒரு முறை இப்படிச் செய்துவிட்டால் திரும்பிப் போக யோசிப்பார்கள்.

ஆலிவ் எண்ணெய் விஷயத்தில் வீம்பு வேண்டாம். அது இருந்தால் கசப்பும் பச்சை வாசனையும் கொண்ட நல்ல ரகமாக இரண்டு தேக்கரண்டி விடலாம். பாட்டிலில் பல மாதம் கிடந்து சிக்கு வாடை அடிப்பதைவிட, நிலக்கடலை விளைகிற இந்தச் சீமையின் செக்குக் கடலை எண்ணெய் எவ்வளவோ மேல். நல்லெண்ணெய் மட்டும் கூடாது; அதன் வாசனை தயிரை அமுக்கிவிடும். கீரை வகையில் கிரேக்கர்கள் போடுவது சதகுப்பை இலை அல்லது புதினா. கர்நாடகத்தில் சப்பசிகே என்று கட்டுக்கட்டாக விற்பது அந்தச் சதகுப்பைதான். கிடைக்காதவர்களுக்குப் புதினா பத்து இலை. கொத்தமல்லி போட்டால் நம் ஊர்ப் பச்சடி எட்டிப் பார்க்கும்; பார்த்தால் குற்றமில்லை.

கலப்பதற்கு இரண்டு நிமிடம். வடித்த தயிரைக் கரண்டியால் குழைத்து, பூண்டோ கடுகோ சேர்த்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு அடித்து, பிழிந்த வெள்ளரியை உதிர்த்துப் போட்டு, நறுக்கிய புதினாவும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் விட வேண்டும். ருசி பார்க்காமல் மறுபடி உப்புப் போடக் கூடாது. காயில் ஏறியிருக்கும் உப்பே பெரும்பாலும் போதும். மிக்ஸியை இந்தப் பக்கம் கொண்டுவரவே கூடாது. ஒரு சுற்றுச் சுற்றினாலும் ராத்திரி முழுக்க இறுகிய தயிர் மோராக இளகிவிடும். இரண்டு மணி நேரம் குளிரவைத்த பின் பரிமாறினால் எல்லா வாசனையும் ஒன்றோடொன்று படிந்திருக்கும்.

எதற்குத் தொட்டுக்கொள்வது? கிரேக்கர்கள் ரொட்டிக்கும் சுட்ட இறைச்சிக்கும் வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் சப்பாத்திக்கும் கேரட் துண்டுக்கும் பொருந்துகிறது; கேழ்வரகு ரொட்டிக்கு அதைவிட. ராயலசீமையின் காரமான கோழி வறுவலுக்குப் பக்கத்தில் வைத்தால் கிண்ணம் முதலில் காலியாவது எது என்று சொல்லத் தேவையில்லை. இட்லிக்கு மட்டும் ஒட்டவில்லை.

அடியில் அரை லிட்டர் அளவுக்குத் தேங்கியிருக்கும் இளம்பச்சை நீரைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் பாதிக் காசைக் கொட்டுகிறார்கள். அந்தப் பச்சை நிறம் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினுடையது. சப்பாத்தி மாவைத் தண்ணீருக்குப் பதில் இதில் பிசைந்தால் மிருதுவாக வரும். ரசத்துக்குப் புளியைக் குறைத்துக்கொண்டு இறக்குகிற நேரத்தில் இதில் ஒரு டம்ளர் விடலாம். உப்பு, பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை போட்டு வெயில் நேரத்தில் அப்படியே குடிக்கவும் செய்யலாம். வெள்ளரி பிழிந்த நீரில் உப்பு அதிகம். அதை வேறு சமையலில் உப்புக்குப் பதிலாக அளந்து விடலாம்.

குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் பிழிந்த வெள்ளரியும் தன் மிச்ச நீரை விட்டு, பூண்டு நெடி தூக்கி, பிள்ளைகள் தொட மறுப்பார்கள். அப்போது அரை டம்ளர் குளிர்ந்த நீர் ஊற்றிக் கலக்கினால் அது துருக்கியரின் ஜாஜிக். குழைய வடித்த ஒரு பிடி சாதத்தைப் போட்டுப் பிசைந்து, கடுகும் இஞ்சியும் தாளித்துவிட்டால், பூண்டுக்குப் பதில் கடுகு அரைத்திருந்த வீட்டில் அதுவே தயிர்ச்சாதம்.